பால்கார அக்காவும் மாப்பிள்ளை முயலும்

எங்கள் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் அக்கா, இளையவள் நான். நாங்கள் சண்டை போடாத நாள் ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு எங்களில் ஒருத்தி ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக அவளை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' என்பேன். வீட்டில் நான் 'நீங்க' என்று ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் வேலையும் ஒரே இடத்தில். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு ஆன்டிபாடி செய்து விற்கும் இடம் அது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஆயிரம் பேர் நிற்கிற கூட்டத்தில் தனக்கு வேண்டிய ஒருத்தரை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிற ஒரு புரதம், அவ்வளவுதான். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதில் கொஞ்சம் எடுத்து ஒரு முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் உடம்பு 'யாருடா இவன் புதுசா?' என்று அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு காதோரத்தில் அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் எடுத்தால், அந்த முகம் தெரிந்த ஆன்டிபாடி அதில் இருக்கும். அதைச் சுத்தம் செய்து, சின்னக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது கீழ்த்தளத்தில் என் வேலை. அனுப்பும் முன், அது சரியான ஆளைத்தான் பிடிக்கிறதா என்று சோதித்துச் சொல்வது மேல்தளத்தில் அக்காவின் வேலை.

அவளை அங்கே எல்லோரும் பால்கார அக்கா என்பார்கள். காரணம் இருக்கிறது. திசுவை அரைத்த சாற்றிலுள்ள புரதங்களை ஒரு கூழ்த் தகட்டில் ஓடவிட்டு, உயர வாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுப்பாள். ஆன்டிபாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெற்றுத் தாளைக் கண்டால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்து, தாளை அதில் ஊறவைத்து, காலி இடங்களை எல்லாம் பாலால் அடைத்துவிடுவாள். பஸ்ஸில் கைப்பையை வைத்து இடம் பிடிக்கிற கதைதான். அதற்குப் பிறகு ஊற்றுகிற ஆன்டிபாடி தன் ஆளைத் தவிர வேறு எங்கும் உட்கார முடியாது. கடைசியில் தாளைப் படம் எடுத்தால், சரியான உயரத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு வரவேண்டும். வந்தால் பாஸ். தாள் முழுக்கக் கறுத்தால் ஃபெயில்.

இந்த வேலைக்கு வேறு பொடிகளும் உண்டு. அழகான டப்பாவில் வரும். மேல்தளத்து இளசுகள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். ஒரு காலத்தில் அக்காவும் அதைத்தான் பயன்படுத்தினாள். ஒரு தடவை அந்தப் பொடி காலை வாரிவிட்டு, பெரிய ஆர்டர் ஒன்று நின்றுபோக இருந்தபோது, தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்ப் பால்பொடி வாங்கிவந்து கரைத்து ஊற்றிக் காரியத்தை முடித்தாளாம். அன்று முதல் அவளுக்குப் பால்தான் தெய்வம். தராசு கிடையாது, கரண்டி அளவுதான். போட்டிருக்கிற கோட்டின் கையில் எப்போதும் பால்பொடி அப்பியிருக்கும். இளசுகள் அந்த டப்பாவைத் திறந்தால், "ஆமா, டப்பா அழகா இருக்கு, மூஞ்சிக்குப் பூசிக்கோங்க" என்பாள். வாய் அப்படித்தான். ஆனால் நான் கர்ப்பமாக இருந்தபோது, படியில் ஒரு ஐஸ் பெட்டியைக்கூட என்னைத் தூக்கவிடவில்லை. மேலே தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து தூக்கிக் கொடுத்து, தூக்குகிற நேரமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவளை எனக்குப் பிடிக்கும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கட்டடத்துக்குப் பின்னால் முயல் கொட்டகை. அங்கே இருக்கிற அண்ணனுக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தோம். ஆள் கதவளவு இருப்பார், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. கேள்வி கேட்டால் தலையாட்டுவார். போன் அடித்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எடுத்தால் பேச வேண்டுமே!

அவருடைய முயல்களில் ஒன்றுக்கு மட்டும் பட்டப்பெயர் உண்டு: மாப்பிள்ளை. கீரை வாடியிருந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் மாற்றத் தாமதமானால் கிண்ணத்தைத் தட்டிவிடும். அவ்வளவு முறுக்கு. இருந்தாலும் யாரையும் கடித்ததில்லை, அக்காவைத் தவிர. ஒருநாள் கொட்டகைக்குப் போய், "என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?" என்று கன்னத்தைத் தொட்டிருக்கிறாள். விரலைப் பதம் பார்த்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

மாப்பிள்ளைக்கு ஊசி போட்டது, கொழுப்பைக் கவனிக்கிற ஒரு நொதிக்காக. ஆராய்ச்சிக்காரர்கள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆன்டிபாடி. அது என்ன நொதி என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ரத்தத்துல கொழுப்பு வண்டி வண்டியா போகுதுல்ல? அந்த வண்டியை நிறுத்தி, சரக்கை உடைச்சு, உள்ளே இறக்குற சுமைதூக்கிடி இது" என்றாள் அக்கா. "இதயம், தசை, தொப்பை, எங்க பார்த்தாலும் நிக்கும். பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறுற இடத்துல இன்னும் ஜாஸ்தி. பாலுக்குக் கொழுப்பு வேணுமே! உனக்கு இப்ப அங்க ஓவர்டைம் ஓடிக்கிட்டு இருக்கும்."

பிரசவம் முடிந்து நான் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையின் ரத்தம் சோதனைக்கு வந்தது. படத்தைப் பார்த்தால் தாள் முழுக்கக் கறுப்பு. கோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பால் பத்தலை" என்றாள் அக்கா. மறுபடி செய்தாள், இன்னும் கெட்டியாகக் கரைத்து. இன்னும் கறுத்தது. மூன்றாவது தடவை ராத்திரி முழுக்கத் தாளைப் பாலில் ஊறப்போட்டாள். காலையில் படம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வந்தது. இதற்கு மேல் அந்த முயலைக் காப்பாற்ற வழி இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

காப்பாற்ற என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஊசி போட்ட முயல் வெளியே போகக் கூடாது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போய் வளர்க்க முடியாது. ஆன்டிபாடி தேறினால் கொட்டகையில் ராஜா மாதிரி இருக்கலாம். தேறாவிட்டால் கூண்டு அடுத்த முயலுக்கு. கால்நடை டாக்டர் ஒரு ஊசி போடுவார், அத்தோடு சரி. மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா சோதனை முடிவில் கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் ஒரு இளசு, "கடிச்சதுக்குப் பழி தீர்த்துட்டாங்க" என்று கிசுகிசுத்தது, மேலே அறை வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமலா இருக்கும்? மற்ற நாளாக இருந்தால் அந்தப் பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். கீழே வாசலில் மௌனசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"திங்களா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். அவர் பேசினார், அவள் பேசவில்லை. உலகமே தலைகீழாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு முயலுக்கா இந்தப் பாடு?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "முயலுக்கு இல்லைங்க, அந்த அண்ணன் மூஞ்சிக்கு" என்றாள். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் வீட்டில் இருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துப்போட்டுக் கழுவினாள். என் குழந்தையின் பால் பாட்டிலையும் சேர்த்து. அங்கேதான் வந்தது வினை.

நான் வேலைக்குப் போகிற நேரத்துக்காகப் பாலை எடுத்து ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வாரம் முழுக்க எடுத்துவைத்த பாலைக் குழந்தை சரியாகக் குடிக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் எடுத்துவைத்த பாலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். திரும்பக் கொடுத்தேன். பாட்டிலைத் தட்டிவிட்டு ஊரைக் கூட்டினாள். மோந்து பார்த்தேன். சோப்பு வாடை!

எனக்கு வந்ததே கோபம். "நீங்க பாட்டில் கழுவின லட்சணத்தைப் பாருங்க!" என்று சமையலறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"என்னடி ஆச்சு?"

"சோப்பை ஒழுங்கா அலசாம வெச்சிருக்கீங்க. பச்சைக் குழந்தை வயித்துக்குள்ள சோப்பு போனா என்ன ஆகிறது? அக்கறை இருக்கா உங்களுக்கு?"

"நான் கழுவின பாட்டிலையா சொல்றே?" அவளுக்கும் ஏறிவிட்டது. "பத்து தடவை வெந்நீர்ல அலசியிருக்கேன். கொண்டா இங்கே!" பாட்டிலைப் பிடுங்கினாள். மோந்தாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கியும் பார்த்தாள்.

"சோப்பாம் சோப்பு! படிச்சவளா நீ? சில பேருக்குப் பாலை எடுத்து வெச்சா இப்படித்தாண்டி வாடை வரும். பாட்டில் மேல பழி போடாதே. கொழுப்பை உடைக்கிற என்சைம் பாலோடவே இறங்கி வந்துடும். ஃப்ரிஜ்ஜுல வெச்சாலும் அது கையைக் கட்டிக்கிட்டு உட்காராது, கொழுப்பை உடைச்சுக்கிட்டே இருக்கும். உடைஞ்ச கொழுப்புதான் சோப்பு வாடை அடிக்குது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. எடுத்த உடனே லேசா சூடு பண்ணி வெச்சா அந்த என்சைம் அடங்கிடும், வாடை வராது. பாலா இருந்தா அதுல அந்த என்சைம்..."

அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் வாக்கப்பட்ட நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. மயக்கம் வருகிறதோ என்று பயந்து கையைப் பிடித்தேன்.

"அக்கா? என்னாச்சு? நீ முதல்ல உட்காரு."

"பால்லயே இருக்குடி" என்றாள். குரலே வரவில்லை. அடுத்த நிமிஷம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "பால்லயே இருக்கு! ஐயோ, நான் ஒரு மடச்சி! அந்தச் சுமைதூக்கி பால்லயே இருக்கான்! நான் பாலைக் கரைச்சுக் கரைச்சுத் தாள் பூரா அவனையே உட்கார வெச்சிருக்கேன். மாப்பிள்ளையோட ஆன்டிபாடி வந்து பார்த்துச்சு, எங்க திரும்பினாலும் அவன் ஆளு. எல்லாரையும் பிடிச்சுடுச்சு. தப்பா பிடிக்கலைடி, சரியா பிடிச்சிருக்கு! நான் பாலைக் கூட்டக் கூட்ட இன்னும் நிறைய பேரைப் பிடிச்சிருக்கு!"

"அது மாட்டுப் பால்தானே? நம்ம மாப்பிள்ளைக்குப் போட்டது மனுஷனோடது இல்லையா?"

"ரெண்டும் பங்காளிங்க மாதிரி. ஒரே ஜாடை."

"பொடியாக்கினதுல அது உயிரோடவா இருக்கும்?"

"வேலை செய்யாது. முகம் இருக்குமே! செத்தவங்க போட்டோவைப் பார்த்தா நமக்கு அடையாளம் தெரியலையா?" தலையில் அடித்துக்கொண்டாள். "பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்னு சொல்லுவாங்களே, இங்க காவலுக்கு வெச்ச பாலே தோழனாயிடுச்சுடி. உன்கிட்ட நானே சொன்னேன், பால் ஊறுற இடத்துல ஜாஸ்தி இருக்கும்னு. என் வாயால சொன்னேன்! சொல்லிட்டு மேல போய்ப் பாலையே ஊத்தினேன்."

உடனே மௌனசாமி அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அந்த மனுஷன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சி என் கண்ணிலேயே தெரிந்தது. மேனேஜரின் போன் ஞாயிற்றுக்கிழமைகளில் அணைந்தே இருக்கும். அக்கா விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பாட்டில் விஷயமாக மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அவளுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அவளுக்குப் புரியும்.

திங்கட்கிழமை விடிந்ததும் குழந்தையை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். அக்கா செருப்பை மாற்றிப் போட்டிருந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. கேட்டைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குப் போனோம். மாப்பிள்ளையின் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான், "அண்ணே!" என்று கத்தினேன்.

கொட்டகைக்குப் பின்பக்கம், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில், அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மாப்பிள்ளை. இளங்கீரையாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன கவலை? மென்றுகொண்டிருந்தது.

அக்கா அவர் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "டாக்டர் வந்தா திருப்பி அனுப்புங்க அண்ணே. இவன் மேல தப்பு இல்லை. என் மேலதான்" என்றாள்.

மேனேஜர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்களேதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். தப்பா போட்டேன்."

அவர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் மற்றவர்களைப் பற்றித்தான் வந்திருக்கிறது. "சரி, சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள எனக்குக் காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கு டாக்டர் வருவார்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பெரிது. மேல்தளத்துக்குப் போய், எல்லோரும் பார்க்க, வெள்ளிக்கிழமை கிசுகிசுத்த அதே இளசின் முன்னால் நின்று, "அந்த அழகு டப்பாவைக் கொஞ்சம் குடும்மா" என்றாள். அந்தப் பெண் டப்பாவை நீட்டினாள். "மூஞ்சிக்கா அக்கா?" என்று கேட்கவும் செய்தாள். ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். முதலில் சிரித்தது அக்காதான்.

அன்றைக்கு என் பெட்டிகளில் எத்தனை தப்பாகக் கட்டினேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வேலை முடிந்ததும் மேலே ஓடினேன். அறை வாசலில் மௌனசாமி அண்ணன் நின்றிருந்தார். மேல்தளத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. காலணியைக் கழற்றிப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கிசுகிசுத்த பெண் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை.

அக்கா மூன்று துண்டுத் தாள் வைத்திருந்தாள். ஒன்று வழக்கம்போலப் பாலில் ஊறியது. ஒன்று டப்பாப் பொடியில் ஊறியது. மூன்றாவதில் திசுச் சாறே இல்லை. வெறும் தாள், வெறும் பால். மூன்றின் மேலும் மாப்பிள்ளையின் ஆன்டிபாடி. திரையில் படம் மெல்ல வந்தது. பால் துண்டு கறுப்பு. சாறே இல்லாத துண்டும் கறுப்பு, பாலைத் தவிர அதில் பிடிக்க ஒன்றுமே இல்லாதபோதும். நடுத் துண்டு வெள்ளையாகவே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடி, கண்ணைத் திறடி" என்றாள் அக்கா.

வெள்ளைக்கு நடுவில், இருக்க வேண்டிய உயரத்தில், பேனாவால் கிழித்த மாதிரி ஒரே ஒரு கோடு.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மேனேஜர் திரையைப் பார்த்தார், மூன்றாவது துண்டை இன்னொரு தடவை பார்த்தார். "வெள்ளிக்கிழமை முடிவைக் கிழிச்சுப் போடுங்க மேடம்" என்றார். "ஆனா ஒண்ணு. இதை வாங்குறவங்க பாதிப் பேர் பாலைத்தான் ஊத்துவாங்க. குப்பியோட போற விவரச் சீட்டுல எழுதணும். நீங்களே எழுதிடுங்க."

அக்கா எழுதினாள். எழுதுகிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'இந்த ஆன்டிபாடியுடன் பால் பயன்படுத்த வேண்டாம்.' இன்றைக்கும் அந்தச் சீட்டை ஒவ்வொரு பெட்டியிலும் நான்தான் மடித்து வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

வீட்டுக்குப் போகும் முன், "வா, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்" என்றாள். அந்தப் பெண்ணும், இன்னும் இரண்டு இளசுகளும், மேனேஜரும்கூடப் பின்னாலேயே வந்தார்கள். மாப்பிள்ளை கூண்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு கீரை நீட்டினோம். நான் நீட்டினேன், தின்றது. மேனேஜர் நீட்டினார், தின்றது. இளசுகள் தடவிக்கூடக் கொடுத்தார்கள், அசையவில்லை.

அக்கா விரலை உள்ளே விட்டு, "என்ன மாப்பிள்ளை, சமாதானமா?" என்றாள்.

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. கீரையை விட்டுவிட்டு விரலைக் கவ்வியது.

"ஐயோ!" என்று கையை உதறினாள். ஒரு சொட்டு ரத்தம். நாங்கள் எல்லோரும் பதறிப்போய்ப் பார்க்க, அவள் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "பார்த்தீங்களா? இத்தனை பேர் நிக்கிறோம், தன் ஆளை மட்டும் கரெக்டா பிடிச்சான் பாருங்க! இவனுக்கா நான் ஃபெயில் போட்டேன்?"

மௌனசாமி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவ்வளவு பெரிய சத்தமாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிறகு தன் கைக்குட்டையைக் கிழித்து அக்காவின் விரலில் கட்டிவிட்டார்.

"பாஸ்" என்றார்.